கணக்கில் வராதது

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் ஒரு மூச்சு விடும். சீறலாக ஆரம்பித்து, நெஞ்சில் சளி கட்டிய கிழவர் போல இரண்டு தடவை கனைத்துவிட்டு, அப்புறம்தான் ஒழுகும். டெய்ரி ஃபார்மில் அக்கா குடியிருக்கும் மேட்டுத் தெருவில் அந்தக் கனைப்பு இரவு இரண்டரை மணிவாக்கில் கேட்கும். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவை. முதலில் கேட்ட வீட்டிலிருந்து ஒரு குரல் எழும்பும்: "பானி ஆயா!" அது வங்காளி வீடா, தெலுங்கு வீடா, எங்கள் வீடா என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் வந்தால் தெருவே இந்திக்கு மாறிவிடும். அப்புறம் குடங்கள் பேச ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் குடம் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தத்துக்கு மொழி இல்லை.

2022 ஏப்ரலில் நான் அங்கே போனேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். பண்டகசாலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அக்கா 1974-ல் கல்யாணமான கையோடு மெட்ராஸில் கப்பலேறி, மூன்று ராத்திரி வாந்தி எடுத்து, ஹாடோ துறையில் இறங்கியவள். அன்றைக்கு இறங்கியவள் இறங்கியவள்தான். இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2011 கணக்கெடுப்புப்படி நூற்றுக்குப் பதினைந்து பேர் தாய்மொழி தமிழ் என்று சொன்னவர்கள். அந்தப் பதினைந்தில் அக்காவும் ஒருத்தி. ஊருக்கு அப்போது போர்ட் பிளேயர் என்று பெயர். 2024 செப்டம்பரில்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டெய்ரி ஃபார்ம் மட்டும் டெய்ரி ஃபார்மாகவே இருக்கிறது, நான் இருந்த தெருவில் ஒரு மாடுகூடக் கண்ணில் படவில்லை என்றாலும்.

எனக்குப் பின்பக்க வராந்தாவில் மடக்குக் கட்டில். புழுக்கத்துக்கு அதுதான் தோது. வயதான பிறகு தூக்கம் என்பது கோழித்தூக்கம். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். வீட்டில் எல்லாரும் நான் தூங்குவதாக நினைத்துக்கொள்வார்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் நம்மிடம் எதையும் கேட்கமாட்டார்கள்.

முதல் தண்ணீர் இரவில் பார்த்தது இது. முன்வாசல் குழாயடியில் அக்காவின் பேத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரட்டைச்சடை. ஒன்பதாம் வகுப்பு. ஒரு கையில் அம்மாவின் செல்போன், நிறுத்துக் கடிகாரம் ஓடுகிறது. தொடைமேல் கட்டம் போட்ட நோட்டு. வாயில் டார்ச் லைட். குடம் நிறைந்ததும் மருமகள் தூக்கிக்கொண்டு போக, அடுத்த குடத்தைக் காலால் நகர்த்திக் குழாய்க்குக் கீழே தள்ளிவிட்டு, டார்ச்சைக் கடித்தபடியே நோட்டில் ஒரு கோடு போட்டாள். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தாள். பழைய கணக்கப்பிள்ளைகள் மூட்டை எண்ணும் கோடு. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்.

"என்னடி இது, கல்யாண மொய்யா எழுதுற?" என்றாள் அக்கா, இடுப்பில் குடத்தோடு.

"ப்ராஜெக்ட், அப்பத்தா. பேசாதீங்க, விநாடி தப்பிரும்."

ப்ராஜெக்ட் என்றால் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு. 1993 முதல் நாடு முழுக்க நடப்பது. பத்து வயதிலிருந்து பதினேழு வரையுள்ள பிள்ளைகள், இரண்டு பேராகச் சேர்ந்து, தங்கள் ஊரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒரு கேள்வியை எடுத்து, சில மாதம் அளந்து பார்த்து, எழுதி, பெரியவர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். பள்ளி, மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியம். அவரவர் மொழியிலேயே சொல்லலாம் என்பது அதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தி வருவதால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு பொதுத் தலைப்பு கொடுப்பார்கள். 2022-க்கும் 2023-க்கும் சேர்த்துக் கொடுத்த தலைப்பு, உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் சூழலமைப்பைப் புரிந்துகொள்வது பற்றி.

நல்வாழ்வை எதால் அளப்பது? நான் கட்டிலில் கிடந்து யோசித்தேன். இந்தப் பிள்ளைகள் குடத்தால் அளந்தார்கள்.

கூட்டாளி இன்னொரு பெண், கண்ணாடி போட்டவள், கீழ்த்தெரு தெலுங்கு வீட்டுப் பிள்ளை. இரவில் வர வீட்டில் விடமாட்டார்கள். காலை ஐந்தரைக்கு வந்துவிடுவாள். அங்கே ஐந்தரை என்பது நம் ஊர் ஆறரை மாதிரி. வெயிலே வந்துவிடும். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போவாள். அங்கே இரண்டு நீல டிரம், 200 லிட்டர் பிடிப்பவை. கோடு கிழித்த மூங்கில் குச்சியை டிரம்முக்குள் விட்டு, ஈரம் ஏறிய மட்டத்தைப் பார்த்து எழுதுவாள். அடுப்படியில் நிற்கும் குடங்களை எண்ணுவாள். குழாயடிக் கணக்கு ஒருத்தி, இருப்புக் கணக்கு ஒருத்தி. வரவும் இருப்பும் வேறு வேறு கையில் இருக்க வேண்டும் என்பது பண்டகசாலைக்காரனுக்குப் பாலபாடம். இவர்களுக்கு அது தற்செயலாக அமைந்தது.

குடத்தை அளந்த காட்சியைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒரு பச்சைக் குடத்தில் ஊற்றி ஊற்றி எண்ணினார்கள். பதினான்கு. அதற்கு மேல் கழுத்துவரை ஊற்றினால் இன்னும் அரை லிட்டர் பிடிக்கிறது. எழுதுவது பதினான்கா, பதினாலரையா? பெரிய சண்டை. கழுத்துவரை யாரும் நிரப்பித் தூக்குவதில்லை, தளும்பும் என்கிறாள் இரட்டைச்சடை. குடத்தின் கொள்ளளவு என்பது அது எவ்வளவு பிடிக்குமோ அதுதான் என்கிறாள் கண்ணாடி. தமிழ், இந்தி, நடுநடுவே தெலுங்கு. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு, "அப்பத்தா, எப்பவும் தூக்குற மாதிரி ரொப்பிக் காட்டுங்க" என்றார்கள். அக்கா அலட்சியமாக ஒரு குடத்தை நிரப்பினாள். பதினான்கு லிட்டரில், ஒரு டம்ளர் முன்னே பின்னே. ஐம்பது வருஷக் கை. நோட்டில் எழுதினார்கள்: 1 குடம் = 14 லிட்டர் (அப்பத்தா அளவு).

கணக்கு இப்படி நின்றது. ஒரு குடம் நிறைய 1 நிமிஷம் 10 விநாடி. தண்ணீர் வருவது 40 நிமிஷம். ஆக 34 குடம், 476 லிட்டர். வீட்டில் நாலு பேர். அக்கா மகன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில். நாலு பேருக்கு மூன்று நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர்கூட முழுசாக வரவில்லை. நகரவாசிக்கு 135 லிட்டர் வேண்டும் என்று மத்திய அரசின் அளவுகோல் சொல்கிறது. கிராமத்து வீடுகளுக்கான ஜல் ஜீவன் திட்டத்திலேயே 55. கண்ணாடிக்காரி அந்த மூன்று எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் கோடு போட்டு, அப்படியே விட்டுவிட்டாள். ஆச்சரியக்குறி போடவில்லை. கெட்டிக்காரி.

வேடிக்கை என்னவென்றால் இது மழை இல்லாத ஊரில்லை. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர். சென்னைக்கு இரண்டு மடங்கு. எங்கள் ராமநாதபுரத்துக்கு மூன்று மடங்குக்கும் மேலே. மே நடுவில் பிடித்தால் டிசம்பர்வரை விடாது. ஆனால் தீவு ஒடுங்கியது, மேடு பள்ளமானது. பெய்த தண்ணீர் நின்று யோசிப்பதற்குள் கடலுக்குள் போய்விடும். நகரத்துக்குப் பெரிய ஆதாரம் 1973-ல் கட்டிய தனிகாரி அணை. ஜனவரியில் மழை ஓய்ந்தால் அதைத்தான் மே வரைக்கும் உறிஞ்ச வேண்டும். கடல் சுற்றி நிற்க, குழாய்க்குக் காத்திருப்பது. ராமநாதபுரத்தானுக்கு இது புரியும். சின்ன வயதில் நானும் அக்காவும் ஊற்றுக் குழியில் இறங்கிச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பியிருக்கிறோம். ஒரு குடத்துக்கு அரை மணி ஆகும். ஊறட்டும் என்று மேலே உட்கார்ந்திருப்போம். அக்காவுக்குத் தண்ணீர்க் கணக்கு அப்போதே மனப்பாடம்.

நோட்டில் இன்னொரு பக்கம் இருந்தது. அதைக் கண்ணாடிக்காரிதான் சேர்த்தாள். யார் முழித்தார்கள், எத்தனை மணிக்கு, மறுபடி எப்போது தூங்கினார்கள். அம்மா: 2.30, திரும்பத் தூங்கியது 3.45. அப்பத்தா: 2.15, தூங்கவில்லை. (கனைப்புக்குக் கால் மணி முன்னாலேயே அக்கா எழுந்துவிடுவாள். காது பழகிவிட்டது.) நான்: 2.30, தூங்கியது 3.30. கடைசி வரி: தாத்தா, தூங்கினார்.

ஒவ்வொரு தண்ணீர் இரவிலும் அதே வரி. தாத்தா, தூங்கினார். திருத்தியிருக்கலாம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு காலையில் பின்கட்டில் குரல் உயர்ந்தது. குழாயடியில் 34 குடம். டிரம் இரண்டிலும் சேர்த்து 28. அடுப்படியில் 3. மொத்தம் 31. மூன்று குடம் எங்கே?

"நீ கோடு தப்பாப் போட்டிருப்ப."

"நீ குச்சியைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்ப."

அடுத்த தண்ணீருக்கும் 34, 31. அதற்கடுத்தும் அதேதான். அப்புறம் ஒரு பெரிய துப்பறியும் வேலை நடந்தது. ஒவ்வொரு குடத்திலும் தண்ணீர் ஊற்றிப் பழைய பேப்பர்மேல் வைத்து இரவு முழுக்க விட்டார்கள். பேப்பர் நனையவில்லை. டிரம்மில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, அடியில் வெள்ளைத்துணி விரித்துப் பார்த்தார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது. டிரம் தண்ணீர் மூன்று நாள் நீலமாக இருந்தது. என் வேட்டிக்கு நல்லதுதான். டிரம்மின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டு, ஆவியாகிறதா என்று பார்த்தார்கள். அரை விரற்கடைகூட இறங்கவில்லை. அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளும்தான்.

எனக்குத் தெரியும்.

பின்கட்டுக்கு எல்லை ஒரு தகரவேலி. பாதிக்கு மேல் துருப்பிடித்தது. அதற்கு அந்தப்பக்கம் ஒரு கொட்டகையில் ராஞ்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. அவர்களுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. தண்ணீர் வந்த இரவில், மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வேலியில் ஒரு தகரத் தட்டு லேசாக விலகும். இந்தப் பக்கமிருந்து ஒரு குடம் போகும். அந்தப் பக்கமிருந்து காலிக் குடம் வரும். அதே மாதிரி மூன்று தடவை. அக்கா ஒரே ஒரு சொல் சொல்வாள்: "லோ." அந்தப் பெண் ஒன்றும் சொல்லமாட்டாள். ஐம்பது வருஷமாகியும் அக்காவுக்கு வந்த இந்தி அவ்வளவுதான் என்று கேலி பேசுவோம். அவளுடைய தேவைக்கு அது போதுமாக இருந்தது.

தகரத்தைத் திரும்பப் பொருத்தும்போது சத்தம் வராமல் இருக்க, சேலைத் தலைப்பை மடித்து விளிம்பில் கொடுத்து அழுத்துவாள். அதை நான் ஏழெட்டு இரவு பார்த்தேன், கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு.

சொல்லியிருக்கலாமா? 31 வருஷம் இருப்பில் குறைந்த சீனியையும் பாமாயிலையும் கண்டுபிடித்துக் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்கினவன் நான். கை அரித்தது. ஆனால் பிள்ளைகளின் ப்ராஜெக்டில் பெரியவர்கள் கைவைக்கும் வியாதியை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். அப்பா அறுத்த தெர்மோகோல், அம்மா ஒட்டிய ஜிகினா, மாமா எழுதிய முடிவுரை. பிள்ளை மேடையில் நின்று ஒப்பிக்கும். பரிசு மாமாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதனால் கண்ணை மூடிக்கொண்டேன்.

மே நடுவில் ஒரு மத்தியானம் வானம் கரும்பலகை மாதிரி ஆகி, மழை இறங்கியது. அங்கத்து மழைக்குத் தூறல் என்ற முன்னுரை கிடையாது. எடுத்ததும் கொட்டுதான். தெருவே டிரம்மையும் அண்டாவையும் தகரக்கூரை விளிம்புக்குக் கீழே இழுத்துப் போட்டது. வேலிக்கு அந்தப்பக்கமும் ஒரு வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மழை பிடித்த பிறகும் பிள்ளைகள் குழாயடிக் கணக்கை நிறுத்தவில்லை. அந்த வாரம் காலையில் கண்ணாடிக்காரி குச்சியைப் பார்த்தாள். குடத்தை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

34 வந்தது. 34 இருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். டிரம்மைப் பார்த்தாள். ஓட்டையாக இருந்தால் மழைக்காலத்தில் அடைந்துகொள்ளாது. அப்படியே தலையைத் திருப்பி, தகரவேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசாமல் எழுதிவிட்டுப் போய்விட்டாள். ஒரு பிள்ளை பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, எண்ணை வைத்தே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நான் அன்றைக்குப் பார்த்தேன். பண்டகசாலையில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் மேலாளரிடம் சொல்லி அவளை எனக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டிருப்பேன்.

மாவட்டத்துக்கு அனுப்பும் முன்னால் பள்ளியில் ஒரு நாள் காட்சிக்கு வைத்தார்கள். வீட்டார் வரலாம் என்றார்கள். நானும் அக்காவும் போனோம். அக்கா பட்டுச்சேலை. "பரிசு வாங்கப் போறாப்புல என்ன இது?" என்றேன். "பேத்தி பேசுறா, நீ சும்மா வா" என்றாள். கூடத்தில் முப்பது மேஜை இருக்கும். மின்விசிறிகள் எல்லாம் சுற்றியும் காற்று மேலேயே நின்றுகொண்டது. அப்பாமார்கள் சுவரோரமாக நின்று விருது பேசினார்கள். இன்ஸ்பையர் மானக்கில் தேறினால் பிள்ளை கணக்கில் பத்தாயிரம் ரூபாய் விழும் என்றார் ஒருவர். விப்ரோ எர்தியன் பற்றி இன்னொருவர் சொன்னார். இது எதில் சேர்த்தி, பணம் உண்டா, வெறும் சான்றிதழா என்று மூன்றாமவர் கேட்டார்.

மேஜைகளைச் சுற்றி வந்தேன். மழைநீர்ச் சேகரிப்பு மாதிரி ஒன்று. வீடு, கூரை, மரம், கிணறு, எல்லாம் தெர்மோகோல். அந்தத் தெர்மோகோல் சாயங்காலம் எங்கே போகும் என்று கேட்க நாக்கு துடித்தது. பிஸ்கட் உறைகளைத் திணித்து இறுக்கிய பாட்டில் செங்கல். ஒரு பையன் குளிர்பான பாட்டில்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வெந்தயக்கீரை வளர்த்திருந்தான். கீரை உண்மையாகவே வளர்ந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு மேஜையில் கூட்டம். ஏழாம் வகுப்புப் பையன், மூடியில் ஓட்டை போட்ட சாப்பாட்டு டப்பா, அதற்குள் ஆப்பிரிக்க ராட்சத நத்தை நான்கு. ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்த 1942 முதல் 45 வரையிலான காலத்தில் வந்து சேர்ந்தது என்று அங்கே சொல்வார்கள். கத்தரி, மிளகாய், பப்பாளிக் கன்று, எதையும் விடாது. பையன் இரண்டு மாதம் இருட்டினதும் டார்ச்சோடு தோட்டத்தில் இறங்கி எண்ணியிருக்கிறான். கையில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தான். ஏன் என்று கேட்ட மாமிக்கு, இதன் சளியில் மூளைக்குப் போகும் புழு இருக்கலாம் என்று மிகச் சாதாரணமாகச் சொன்னான். மாமி ஓரடி பின்வாங்கினாள். அதற்குள் ஒரு நத்தை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அவன் வரைபடத்தின்மேல் ஜூன் மாதத்தைக் கடந்து ஜூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பளபளக் கோடு.

அதற்கடுத்த மேஜையில் சிப்பிகாட் பக்கத்து இரண்டு பிள்ளைகள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தெற்கு அந்தமானில் தரை ஒரு மீட்டர்போல இறங்கி, வயலுக்குள் கடல் வந்து நின்றுவிட்ட இடம் அது. அந்த வயல் வரப்புகளில் இப்போது கண்டல் மரங்கள் முளைத்திருக்கின்றன. எத்தனை வகை, எவ்வளவு உயரம், எந்த வரப்பில் யாருடைய நெல் நின்றது என்று வரைந்திருந்தார்கள். வயதான ஒருவர் அந்த வரைபடத்தின் ஒரு மூலையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் நகர்ந்துவிட்டேன்.

நம் பிள்ளைகளின் மேஜையில் மாதிரி எதுவும் இல்லை. நாலு சார்ட், ஒரு பச்சைக் குடம், கோடு போட்ட மூங்கில் குச்சி, நோட்டு. கூட்டமும் இல்லை. நடுவர்கள் இருவர், பருத்திச்சேலை கட்டிய அம்மா ஒருவர், சட்டைப்பையில் மூன்று பேனா குத்திய ஐயா ஒருவர். பிள்ளைகள் மாறி மாறிச் சொன்னார்கள். 34 குடம், 476 லிட்டர், 40, 55, 135. பெண்கள் இழந்த தூக்கம், தண்ணீர் வரும் இரவுக்குச் சராசரி எவ்வளவு என்று கண்ணாடிக்காரி சொன்னபோது, பருத்திச்சேலை அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தூக்கத்தை ஏன் எடுத்தீங்க என்று கேட்டார். "நல்வாழ்வுன்னு தலைப்புல இருக்கே மேடம்" என்றாள் அவள்.

பேனாக்காரர் மூன்றாவது சார்ட்டில் விரலை வைத்தார். அங்கே ஒரு கட்டத்தில் எழுதியிருந்தது: கணக்கில் வராதது, 3 குடம் (ஏப்ரல் – மே நடு). 0 குடம் (மழைக்குப் பிறகு).

"இது கசிவா?"

"இல்ல சார். சோதிச்சிட்டோம்." பேப்பர், நீலம், சாக்பீஸ் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

"நகரத்துக் குடிநீர் விநியோகத்திலேயே கணக்கில் வராத தண்ணீர் நூற்றுக்கு இருபதுக்குள்ள இருந்தா நல்ல நிர்வாகம்னு அளவுகோல் வச்சிருக்காங்க. பெரும்பாலான ஊர் அதைத் தொடவே இல்ல. உங்க வீட்டுல 34-க்கு மூணு. நூற்றுக்கு ஒன்பது" என்று அவர் மனக்கணக்காகப் போட்டுச் சிரித்தார். அக்கா எனக்குப் பக்கத்தில் பட்டுச்சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சரி, கசிவு இல்ல. மழை வந்ததும் நின்னுபோச்சு. அப்ப அது என்ன?"

இரட்டைச்சடை தரையைப் பார்த்தாள். கண்ணாடிக்காரி கூட்டாளியைப் பார்த்தாள். அப்புறம் நடுவரைப் பார்த்தாள்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏன் எழுதல?"

"நாங்க எடுத்தது எங்க வீட்டுத் தண்ணி சார். இது இன்னொரு வீட்டுக் கணக்கு. அவங்ககிட்ட நாங்க கேட்கல."

ஐயா பேனாவை மூடினார். திறந்தார். மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார். கூடுதலா குறைவா என்று எனக்குத் தெரிய வழியில்லை. பருத்திச்சேலை அம்மா குனிந்து பச்சைக் குடத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். நத்தைப் பையனும் கண்டல் பிள்ளைகளும் மாவட்டத்துக்கு. கைதட்டினோம். நத்தைப் பையன் மேடைக்கு டப்பாவோடு ஏறிவிட்டான்; கைகொடுக்க வந்த தலைமையாசிரியர் கையை இழுத்துக்கொண்டு வணக்கம் போட்டார். எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கேற்புச் சான்றிதழும் ஆளுக்கொரு பேனாவும். முன்னே வராத பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பேனா. அக்காவுக்கு வருத்தம்தான். "என்னால கெட்டுச்சோ?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். எதைச் சொல்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

வெளியே ஐந்தரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சார்ட்டுகளைச் சுருட்ட ரப்பர் பேண்ட் தேடிப் பிள்ளைகள் ஓடினார்கள். மேஜையில் நோட்டு கிடந்தது. பார்வையாளர்கள் புரட்டிப் பார்க்கத்தானே வைத்தது. முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒன்று. தேதி, நேரம், 34, 31. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த வரி: தாத்தா, தூங்கினார். தாத்தா, தூங்கினார்.

மே முதல் வாரத்தில் ஒரு பக்கம். தண்ணீர் சொட்டி மை கலங்கியிருந்தது. தேதி, 2.32, 34, 31. முழித்தவர்கள் பட்டியல். கடைசி வரியில் தூங்கினார் என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் இரட்டைச்சடையின் கையெழுத்து:

தாத்தா, தூங்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டார்.